சின்ன கேபினெட்டா? முதலில் ஸ்கேலை எடுங்கள்

கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்துகொடுப்பது என் தொழில். "எல்லாம் வாங்கிட்டேன், மாட்டிக் கொடுத்தால் போதும்" என்று பெட்டி பெட்டியாகத் தூக்கி வருபவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பயம்தான், அதுவும் கேபினெட் சின்னதாக இருந்துவிட்டால். சமீபத்தில் ஒரு தம்பி கொண்டுவந்த கிராபிக்ஸ் கார்டின் நீளம் 302 மில்லிமீட்டர். கேபினெட்டில் 305 வரை கொள்ளும் என்று போட்டிருந்ததை நம்பி வாங்கியிருக்கிறார். முன்பக்க ஃபேனைக் கழற்றினால்தான் அந்த 305 கிடைக்கும் என்பது கீழே பொடி எழுத்தில் இருந்தது. ஃபேனின் தடிமன் 25 மில்லிமீட்டர். கழற்றினால் கார்டு உள்ளே போகும், காற்று போகாது. கடைசியில் கார்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அதே சிப் உள்ள இரண்டு ஃபேன் கார்டு ஒன்றை வாங்கிவந்தார். விளையாடும்போது வித்தியாசமே தெரியவில்லை என்கிறார்.

பெரிய கேபினெட் என்றால் பிராசசரில் ஆரம்பித்து மற்றதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். சின்னதில் அது நடக்காது. கேபினெட்டை முதலில் முடிவு செய்து, அதில் கார்டின் நீளம், தடிமன், பிராசசரைக் குளிர்விக்கும் கூலரின் உயரம், பவர் சப்ளையின் வகை ஆகிய நான்கையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு, பிறகுதான் மற்றதைத் தேட வேண்டும்.

பட்ஜெட் இடிக்கிறது என்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, மினி ஐடிஎக்ஸ் என்கிற மிகச் சின்ன மதர்போர்டு உண்மையிலேயே வேண்டுமா என்பதுதான். 170 மில்லிமீட்டர் சதுரமான அந்தப் போர்டு அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அதே சிப்செட் உள்ள, அதற்கு அடுத்த அளவான மைக்ரோ ஏடிஎக்ஸ் போர்டைவிடப் பெரும்பாலும் விலை அதிகம், ராம் ஸ்லாட் இரண்டே இரண்டு, கார்டு போட ஒரே ஒரு ஸ்லாட். மைக்ரோ ஏடிஎக்ஸ் 244 மில்லிமீட்டர் சதுரம், அவ்வளவுதான் வித்தியாசம். மேசை மேல் வைக்கிற அளவுக்கு அடக்கமான மைக்ரோ ஏடிஎக்ஸ் கேபினெட்டுகள் நிறைய இருக்கின்றன. பையில் போட்டு அடிக்கடி ஊர் ஊராகத் தூக்கிப்போகப் போவதில்லை என்றால், மிச்சமாகும் பணத்தைக் கிராபிக்ஸ் கார்டில் போடுங்கள் என்றுதான் சொல்வேன்.

பவர் சப்ளையிலும் இதே கதை. மிகச் சின்ன கேபினெட்டுகள் எஸ்எஃப்எக்ஸ் என்கிற சின்ன அளவு வகையைத்தான் ஏற்கும். அதே வாட்டேஜில் சாதாரண ஏடிஎக்ஸ் பவர் சப்ளை மலிவாகக் கிடைக்கும், அதனால் ஏடிஎக்ஸ் கொள்கிற கேபினெட் கிடைத்தால் விடாதீர்கள். கேபிள் கழற்றி மாட்டுகிற மாடுலர் வகையாகப் பாருங்கள். உபயோகப்படாத கேபிளைச் சுருட்டி ஒளிக்கச் சின்னப் பெட்டியில் மூலை ஏது? இதில் மட்டும் பெயர் தெரியாத மலிவுச் சரக்குப் பக்கம் போகாதீர்கள், அது போகும்போது தனியாகப் போகாது. 80 பிளஸ் ஸ்டிக்கர் மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதை மட்டும்தான் சொல்லும், தரத்துக்கு அது சான்றிதழ் இல்லை.

கூலர் விஷயத்தில் ஏமாந்தவர்கள் அதிகம். டவர் கூலர்கள் பல 155 மில்லிமீட்டருக்கு மேல் நிற்கும், அது எல்லோருக்கும் தெரியும். ஏஎம்டியின் சில ரைசன் பிராசசர்களோடு இலவசமாக வருகிற ரெய்த் ஸ்டெல்த் கூலரே 54 மில்லிமீட்டர் உயரம் என்பது பலருக்குத் தெரியாது. ஒல்லியான சில கேபினெட்டுகளில் அதுகூட நுழையாது, தனியாக ஒரு தாழ்ந்த கூலர் வாங்க வேண்டிவரும், அந்தச் செலவைக் கணக்கில் சேர்த்தவரை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். பிராசசருக்குப் போட்டிருக்கும் 65 வாட்டையும் அப்படியே நம்ப வேண்டாம், இன்டெல் ஐ5 12400 வேகம் கூட்டி ஓடும் டர்போவில் 117 வாட் வரை இழுக்கும். கம்ப்யூட்டரின் அடிப்படை செட்டிங்ஸ் இருக்கும் பயாஸில் அந்த வாட் வரம்பைக் கொஞ்சம் குறைத்து வைத்தால் கேமில் இழப்பு சொற்பம், சத்தமும் சூடும் நன்றாகவே குறையும்.

கிராபிக்ஸ் கார்டில் வாட்டைப் பார்த்து வாங்குங்கள். ஆர்டிஎக்ஸ் 4060 115 வாட், ஆர்எக்ஸ் 7600 165 வாட். பெரிய கேபினெட்டில் இந்த 50 வாட்டை யாரும் கவனிக்க மாட்டார்கள், சின்னதில் ஃபேன் சத்தமே காட்டிக்கொடுத்துவிடும். பழைய ஆபீஸ் கம்ப்யூட்டரை வாங்கிக் கார்டு சொருகலாமா என்று கேட்பவர்களுக்கு: தாராளமாகச் செய்யலாம், பட்ஜெட்டுக்கு நல்ல வழி. ஆனால் அவற்றில் பலவற்றின் பவர் சப்ளை அந்த கம்பெனியின் சொந்த அளவில் இருக்கும், மாற்ற முடியாது, கார்டுக்கான தனி கேபிளும் இருக்காது. ஸ்லாட் மட்டும் கொடுப்பது 75 வாட். 70 வாட்டில் ஓடுகிற 6 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3050, அதிலும் பாதி உயரக் கார்டு, இந்த இடத்துக்குச் சரியாகப் பொருந்தும்.

ராம் எட்டு ஜிபியாக இரண்டு போடுங்கள், பதினாறு ஜிபியாக ஒன்று வேண்டாம். தலையில் கொம்பு முளைத்த மாதிரி ஹீட்சிங்க் (சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடு) உள்ள ராம் தாழ்ந்த கூலரில் இடிக்கும்.

எல்லாம் வந்து சேர்ந்ததும் நேராகக் கேபினெட்டுக்குள் பூட்டிவிடாதீர்கள். மதர்போர்டை அது வந்த அட்டைப்பெட்டி மேலேயே வைத்து, பிராசசர், கூலர், ராம், கார்டு, பவர் சப்ளை மாட்டி, ஒருமுறை திரையில் பயாஸ் வருகிறதா என்று பாருங்கள். ஒரு ராம் சரியாக உட்காராததற்காகக் கார்டு, பவர் சப்ளை, கூலர் என்று வரிசையாக மறுபடி கழற்றியிருக்கிறேன், முழுதாக இரண்டு மணி நேரம்.