மாதுளைக்குள் ஒரு பேட்டரி

செல்போனை சார்ஜில் போட்டதும் லித்தியம் அயனிகள் மின்பகுளி என்ற திரவத்தைக் கடந்து, ஆனோடு எனும் மின்முனைக்குள் போய் அமர்கின்றன. பெரும்பாலான பேட்டரிகளில் அந்த ஆனோடு கிராஃபைட்தான். அதன் அடுக்குகளில் ஆறு கார்பன் அணுக்களுக்கு ஒரு லித்தியம் வீதமே இடம் உண்டு. அதனால் கிராமுக்கு 372 மில்லி ஆம்பியர்-மணிக்கு மேல் சார்ஜ் ஏறாது.

சிலிக்கானின் கணக்கே வேறு. அதில் 4 அணுக்கள் 15 லித்தியத்தை ஏற்கும். கிராமுக்கு ஏறக்குறைய 3,580. மணலில் மலைபோலக் கிடக்கும் தனிமம். ஆனால் லித்தியம் ஏறினால் கிராஃபைட் பத்து சதவீதம்தான் பருக்கும். சிலிக்கானோ கிட்டத்தட்ட நான்கு மடங்கு வீங்கிவிடும். ஊறிய கொண்டைக்கடலைகூட அவ்வளவு பருப்பதில்லை. சார்ஜ் இறங்கும்போது மறுபடி சுருங்கும். சில சுற்றுகளிலேயே துகள்கள் வெடித்துப் பொடியாகி, மின்தொடர்பு அறுந்துபோகும்.

150 நானோமீட்டருக்கும் சிறிய சிலிக்கான் துகள் வீங்கினாலும் வெடிப்பதில்லை. அவ்வளவு சின்ன உருவத்தில் சேரும் இறுக்கத்துக்கு விரிசலை இழுத்துச் செல்லும் வலு கிடையாது. 2008-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் யி சுய் குழுவினர் எஃகுத் தகட்டின்மேல் சிலிக்கான் நானோ கம்பிகளை நாற்றுபோல வளர்த்தார்கள். ஒவ்வொரு கம்பியின் வேரும் உலோகத்தைத் தொட்டிருக்கும். பருக்கப் பக்கத்தில் இடமும் இருக்கும்.

அதோடு சிக்கல் தீரவில்லை. ஆனோடைத் தொடும் மின்பகுளி சிதைந்து, அதன்மேல் மெல்லிய படலமாகப் படிகிறது. கிராஃபைட்டில் இந்தப் படலம் ஒருமுறை படிந்தால் பெரும்பாலும் நிலைத்து நின்று காவலாகிறது. சிலிக்கானிலோ ஒவ்வொரு வீக்கத்திலும் அது கிழிகிறது. வெளிப்பட்ட இடத்தில் புதிதாகப் படிகிறது. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் லித்தியத்தை விழுங்கிக்கொள்கிறது. துகளைச் சிறிதாக்கினால் மேற்பரப்பு பெருகுவதால் இந்த இழப்பும் கூடும். ஒரு நோய்க்குக் கொடுத்த மருந்தே இன்னொன்றை வளர்க்கிறது.

2014-ல் அதே குழு கண்ட விடை என்னை இன்றும் வியக்க வைக்கிறது. நானோ சிலிக்கான் முத்துகளின்மேல் முதலில் சிலிக்கா (சிலிக்கானின் ஆக்சைடு) பூசினார்கள். அவற்றைக் கொத்தாகத் திரட்டிக் கார்பனால் போர்த்தினார்கள். பிறகு இடையிலிருந்த சிலிக்காவை மட்டும் ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தால் கரைத்து எடுத்தார்கள். கிடைத்தது அசல் மாதுளை: ஒவ்வொரு முத்துக்கும் தனி அறை, வீங்குவதற்கு அளவெடுத்த வெற்றிடம், எல்லாவற்றையும் மூடிய தோல். மின்பகுளி வெளித்தோலோடு நின்றுவிடும், உள்ளே முத்து பருத்தாலும் தோல் அசையாது, படலமும் கிழியாது. 1,000 சுற்றுகளுக்குப் பிறகும் 97 சதவீதக் கொள்ளளவு மிஞ்சியது. அங்கே உண்மையில் வடிவமைக்கப்பட்டது அந்த வெற்றிடம்தான். குறைந்தால் ஓடு உடையும். கூடினால் பேட்டரி வீணாக இடத்தை அடைக்கும்.

ஆனால் அந்த அமிலம் கொடியது, செய்முறையும் நீளமானது. அதனால் இன்று சந்தைக்கு வரும் பல பேட்டரிகளில் கிராஃபைட்டோடு சிறிதளவு சிலிக்கானோ அதன் ஆக்சைடோ கலப்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

மலிவான மூலப்பொருளுக்கு இதே குழு 2013-லேயே ஒரு வழி காட்டியிருந்தது. அது நெல் உமி. மண்ணிலிருந்து நெற்பயிர் உறிஞ்சும் சிலிக்கா உமியில் நுண்துளைகளோடு படிந்திருக்கிறது. உமியை அமிலத்தில் அலசி, எரித்து, எஞ்சும் சிலிக்காவை மெக்னீசியத்தோடு சூடாக்கினால் சிலிக்கான் நானோ துகள்கள் கிடைக்கின்றன. அந்த நுண்துளைகளை நெல்லே வயலில் செய்து முடித்திருக்கிறது.