தாளில் 9 டன், தராசில் 10 டன்

ராணுவச் சரக்கு விமானத்தில் ஏற்ற வேண்டிய லாரிக்கு வந்த தாளில் எடை 9,000 கிலோ என்று எழுதியிருந்தது. "எல்லாம் சரியா இருக்கு சார், ஏத்திடலாம்" என்றார் ஓட்டுநர். ஆனால் பின்பக்க டயர்கள் நசுங்கி நின்ற விதம் எனக்குச் சரியாகப் படவில்லை. மறுபடி எடை போடச் சொன்னேன். முன் அச்சில் 4,000, பின் அச்சில் 6,000, ஆக 10,000 கிலோ. போகிற இடத்தில் உதவும் என்று யாரோ தண்ணீர் கேன்களையும் உதிரி பாகங்களையும் கடைசியில் அடுக்கி வைத்திருந்தார்கள்.

"77 டன் தூக்குற விமானத்துக்கு ஒரு டன் எல்லாம் ஒரு கணக்கா?" என்றார் ஓட்டுநர். விமானத்தில் சரக்கை ஏற்றிக் கட்டும் பொறுப்பில் இருக்கும் லோட்மாஸ்டர்கள் எல்லோரும் இந்தக் கேள்வியை எதிர்கொண்டிருப்பார்கள். அதற்கான பதிலைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

ராணுவச் சரக்கு விமானத்தின் வடிவம் அதன் தரையிலிருந்து தொடங்குகிறது. வண்டி தானாக உருண்டு உள்ளே ஏற வேண்டும் என்றால் தரை தாழ்வாக இருக்க வேண்டும். அதனால்தான் இறக்கை உடலின் மேலே போகிறது. சக்கரங்களை மடக்கி வைக்க இரு பக்கமும் புடைப்புகள். சரக்கறைக்குள் அவை இடத்தை அடைக்காது. பின்னால் சாய்தளம். சி-17 என்ற அமெரிக்க ராணுவச் சரக்கு விமானத்தில் அந்தச் சாய்தளத்தையும் சேர்த்து 26.8 மீட்டர் நீளம், 5.5 மீட்டர் அகலம். ஏஎன்-124 என்ற சோவியத் காலத்துப் பெரிய சரக்கு விமானம் இன்னும் ஒரு படி மேல், மூக்கைத் திறந்து முன்பக்கம் மண்டியிட்டு உட்காரும்.

சரி, லாரிக்கு வருவோம். திடீர் பிரேக்கிலோ கடினமான தரையிறக்கத்திலோ சரக்கு முன்னால் பாயும். அதைத் தாங்க, எடையைப் போல் மூன்று மடங்கு விசைக்குக் கட்ட வேண்டும் என்பது நாங்கள் பின்பற்றும் அளவு. பின்பக்கத்துக்கும் பக்கவாட்டுக்கும் ஒன்றரை மடங்கு, மேல் நோக்கி இரண்டு மடங்கு. நாங்கள் அதிகம் பயன்படுத்தும் சங்கிலி ஒன்று 4,536 கிலோ தாங்கும். ஆனால் சங்கிலி சாய்வாகத்தானே போகும்? தரையோடு 30 டிகிரி, விமானத்தின் நீளவாக்கோடு 30 டிகிரி என்று கட்டினால் முன்னோக்கிக் கிடைப்பது அதில் முக்கால் பங்கு, சுமார் 3,400 கிலோ. 9 டன்னுக்கு 27 டன் தேவை, எட்டு சங்கிலி போதும். 10 டன்னுக்கு ஒன்பது ஆகிறது, ஜோடியாகக் கட்டுவதால் பத்து. தாளை நம்பியிருந்தால் இரண்டு சங்கிலி குறைவாகப் பறந்திருப்போம்.

ஈர்ப்பு மையமும், அதாவது லாரியின் மொத்த எடையும் சமன்படும் புள்ளியும், நகர்ந்திருந்தது. அச்சுகளுக்கு இடையே 4 மீட்டர். தாளின்படி முன் அச்சிலிருந்து 2.2 மீட்டரில் இருக்க வேண்டியது, உண்மையில் 2.4 மீட்டரில். ஒரு வண்டிக்கு 20 சென்டிமீட்டர் பெரிய விஷயமில்லைதான். வரிசையில் நிற்கிற எல்லா வண்டியிலும் யாரோ இப்படிப் பின்னால் அடுக்கியிருந்தால், விமானத்தின் சமநிலை என்னாகும்?

2013 ஏப்ரல் 29 அன்று ஆப்கானிஸ்தானின் பாக்ராமில் நடந்ததை எங்கள் வேலையில் யாரும் மறப்பதில்லை. ஐந்து கவச வாகனங்களோடு கிளம்பிய போயிங் 747 சரக்கு விமானம் அது. ராணுவ விமானம் அல்ல, ராணுவச் சரக்கு. மேலேறும்போது கடைசி வாகனம் கட்டறுத்து, பின்சுவரை உடைத்துக்கொண்டு போய், ஹைட்ராலிக் குழாய்களையும் வாலின் கிடைமட்டப் பகுதியை அசைக்கும் பொறியையும் சேதப்படுத்தியது. விமானிகளால் ஒன்றும் செய்ய முடியவில்லை, ஏழு பேரும் இறந்தார்கள். கட்டிய முறை போதாது என்பதுதான் விசாரணையில் வந்தது. வாகனங்களைக் கட்டிய பட்டைகள் என்னவோ நிறையவே இருந்தன.

"விமானம் கூடுதலாகத் தாங்கும்படிதானே கட்டியிருப்பார்கள்?" என்பார்கள். ஆமாம், எதிர்பார்க்கும் உச்சச் சுமையைப் போல் 150 சதவீதம் வரை. ஆனால் 1992-ல் சி-17 இறக்கையைத் தரையில் வைத்துச் சோதித்தபோது 128 சதவீதத்திலேயே அது முறிந்தது. அப்புறம் பலப்படுத்தினார்கள். அந்த உபரி, கணக்கில் வராத காற்றுக்கும் உலோகக் குறைக்கும் வைத்தது. யாரோ கடைசி நிமிடத்தில் ஏற்றும் தண்ணீர் கேனுக்கு அல்ல.

சரக்கு அனுப்புகிறவர்களிடம் கேட்பது இதுதான். வண்டியில் கடைசிப் பொருளை வைத்தபிறகு எடை போடுங்கள், முன் அச்சு பின் அச்சு தனித்தனியாக. கட்டுவதற்கு உறுதியான கொக்கி எங்கே என்று காட்டுங்கள், பம்பரைக் காட்டாதீர்கள். பெட்ரோல் டேங்க் எவ்வளவு நிறைந்திருக்கிறது என்பதை மறைக்காதீர்கள்.

அன்று கேன்களை இறக்கவில்லை. தாளைத் திருத்தி, லாரியின் பக்கவாட்டில் 2.4 மீட்டரில் சாக்பீஸால் புதுக் கோடு போட்டோம். ஓட்டுநரே கூடுதல் சங்கிலிகளைத் தூக்கி வந்தார்.