அலாரம் 'ஆஃப்' ஆனால் ஓடுங்கள்

கருவிக் கையேடுகளையும் பாதுகாப்பு அறிவிப்புகளையும் மொழிபெயர்ப்பதுதான் என் தொழில். ஒருமுறை, வேறொருவர் தமிழாக்கிய தீ விபத்து அறிவிப்பைச் சரிபார்க்கக் கொடுத்தார்கள். 'அலாரம் அணைந்ததும் உடனே வெளியேறவும்' என்று இருந்தது. அதாவது, அலாரம் அலறிக்கொண்டிருக்கும் வரை உள்ளேயே உட்கார்ந்திருக்க வேண்டும், ஓய்ந்த பிறகு கிளம்ப வேண்டும்! மூலத்தை எடுத்துப் பார்த்தேன். 'வென் தி அலாரம் கோஸ் ஆஃப்'. அலாரம் ஒலித்ததும் என்று அர்த்தம்.

எழுதியவரைத் திட்ட மனம் வரவில்லை. லைட்டை ஆஃப் பண்ணு, ஃபேனை ஆஃப் பண்ணு என்றே பழகியவர்கள் நாம். மனசு வாடினால்கூட மூட் ஆஃப்தான். ஆனால் ஆங்கிலத்தில் 'கோ ஆஃப்' என்பது எதைப் பற்றிச் சொல்கிறோம் என்பதைப் பொறுத்து மாறும். லைட் என்றால் அணைந்தது. அலாரம் என்றால் ஒலித்தது. குண்டு என்றால் வெடித்தது. பால் என்றால் கெட்டுப்போனது (இது பிரிட்டிஷ்காரர்கள் வழக்கு, அமெரிக்கர்கள் இப்படிச் சொல்வது குறைவு). 'தி அலாரம் வென்ட் ஆஃப், ஸோ ஐ டர்ன்ட் இட் ஆஃப்' என்ற ஒரே வாக்கியத்தில் முதல் ஆஃப் ஒலிக்கிறது, அடுத்த ஆஃப் அதன் வாயை மூடுகிறது.

ஒரு எஃப் போட்டு எழுதும் 'ஆவ்', இரண்டு எஃப் போட்டு எழுதும் 'ஆஃப்' இரண்டும் பழைய ஆங்கிலத்தில் ஒரே சொல்தான். அழுத்திச் சொன்ன வடிவம் தனிச்சொல்லாகி, 17ஆம் நூற்றாண்டுவாக்கில் எழுத்திலும் நிலையாகப் பிரிந்துவிட்டது. அடிப்படைப் பொருள் 'விலகி'. தமிழில் இதற்கு நெருங்கிய உறவு 'விட்டு' என்பது என் கணிப்பு. பஸ்ஸை விட்டு இறங்கினால் கெட் ஆஃப், விமானம் தரையை விட்டு எழும்பினால் டேக் ஆஃப். துப்பாக்கியும் அலாரமும்கூட, அடக்கி வைத்த ஒன்று பிடியை விட்டுப் பாய்வது போலத்தானே! இலக்கணப் புத்தகத்தில் இருக்கிறதோ இல்லையோ, நான் இப்படித்தான் நினைவில் வைத்திருக்கிறேன்.

எல்லா இடத்திலும் இந்தச் சூத்திரம் கைகொடுக்காது. அறுவை சிகிச்சை 'புட் ஆஃப்' என்றால் தள்ளிப்போட்டிருக்கிறார்கள், 'கால்ட் ஆஃப்' என்றால் ரத்து. இரண்டையும் 'நின்றுவிட்டது' என்று எழுதிவிட்டால், புதுத் தேதிக்குக் காத்திருக்க வேண்டியவர் விஷயம் முடிந்தது என்று இருந்துவிடுவார். மரத்துப்போக ஊசி போட்ட பிறகு, அது 'வேர் ஆஃப்' ஆகும் வரை வண்டி ஓட்டாதீர்கள் என்று எழுதியிருந்தால், மருந்தின் வேகம் மெல்ல மெல்ல வடிய வேண்டும் என்று பொருள். சட்டென்று ஸ்விட்ச் போட்டாற்போல் நிற்காது.

அதனால் ஆஃப் கண்ணில் பட்டால், அதற்கு முன்னால் உள்ள வினைச்சொல்லையும், எதைப் பற்றிய பேச்சு என்பதையும் பார்க்காமல் நான் பேனாவை எடுப்பதில்லை. அந்த அறிவிப்பை 'அலாரம் ஒலித்ததும்' என்று திருத்தினேன். அதற்கடுத்த வரி, 'முடிந்தால் இயந்திரத்தை ஆஃப் செய்யவும்'. அதைத் தொடவில்லை, அங்கே அவர் சரியாகத்தான் எழுதியிருந்தார்.