கோணேசர் மலை மணலாய் இருந்த காலம்

திருகோணமலையில் பிரட்றிக் கோட்டை மான்களைத் தாண்டிக் கோணேசர் கோயிலுக்கு ஏறுகிறவர்கள் எல்லோரும் மலையைப் பிளந்த இராவணன் வெட்டை எட்டிப் பார்ப்பார்கள். வெட்டு விழுந்த கல்லை யாரும் பார்ப்பதில்லை. பாதையோரம் உடைந்து கிடக்கும் துண்டொன்றை வெயிலில் திருப்பிப் பாருங்கள், சீனிக்கட்டி போல மினுங்கும். அது குவாட்சைற்று. ஒரு காலத்தில் வெறும் மணல்.

மணற்கல் எள்ளுருண்டை மாதிரி. உடைத்தால் பாகுதான் விட்டுக்கொடுக்கும், எள்ளு முழுசாக உதிரும். குவாட்சைற்றில் அந்தக் கதை நடக்காது. நிலத்தடியில் வெந்தபோது மணிகள் ஒன்றோடொன்று பின்னி வளர்ந்துவிட்டதால், சுத்தியல் அடியில் விழும் வெடிப்பு மணிகளையே ஊடறுத்துப் போகும். அக்கம்பக்கத்துப் பாறைகள் தேய்ந்து பள்ளமாக, இது மட்டும் முனையாக நிற்பது அதனால்தான்.

சரி, வயது? மணலோடு வந்த சிர்கோன் மணிகளைக் கேட்க வேண்டும். புல்மோட்டைக் கரையில் இல்மனைற்றோடு அள்ளுகிறார்களே, அதே கனிமம். சிர்கோன் உருவாகும்போது யுரேனியத்தை உள்ளே சேர்க்கும், ஈயத்தை அநேகமாக அண்டவிடாது. ஆகவே பிறகு உள்ளே காணும் ஈயம் யுரேனியம் சிதைந்து வந்தது. யுரேனியம் 238இல் பாதி சிதைய 447 கோடி ஆண்டு ஆகும். இரண்டின் விகிதத்தை அளந்தால் வயது கிடைத்துவிடும். இலங்கையின் நடுவே ஓடும் இந்தப் பாறைத்தொகுதியின் சிர்கோன்களில் 200 கோடி, 300 கோடி ஆண்டுப் பழசுகள் உண்டு. மணல் படிந்தது அதற்குப் பிறகுதான்.

இந்த மணலுக்கு ஆந்திராவின் கடப்பாவில் ஒரு கூட்டாளி உண்டு. அங்கே ஏறத்தாழ 190 கோடி ஆண்டுக்கு முந்திய அடையல்கள் தார்வார் கிறேற்றன் மேல் படுத்திருக்கின்றன. கிறேற்றன் என்றால் கண்டத்தின் கிழட்டு நடுத்துண்டு, லேசில் அசையாது. அதனால் கண்டிக்கோட்டையில் பெண்ணாறு அறுத்த பள்ளத்தாக்கில் அடுக்குகள் இன்றும் ஏறக்குறையக் கிடையாகவே இருக்கின்றன. நம்முடைய மணலுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. 55 முதல் 60 கோடி ஆண்டுகளுக்கு முன் தென் கண்டங்கள் கொண்டுவானா என்ற ஒரே பெருங்கண்டமாய் ஒட்டிய நெரிசலில் மாட்டி, 20, 30 கிலோமீற்றர் ஆழத்தில், 800 பாகை செல்சியஸ் வாக்கில் வெந்தது. கூட இருந்த சுண்ணாம்பு சலவைக்கல்லானது. களியிலிருந்த கரி, பென்சிலில் எழுதும் காரீயமானது. மணலில் அலை போட்ட கோடு ஏதும் இருந்திருந்தால், போனதுதான்.

சிர்கோன் மட்டும் இரண்டையும் வைத்திருக்கிறது. வெட்டி மெருகேற்றிப் பார்த்தால் நடுவில் பழைய மணி, அதைச் சுற்றி அந்த வேக்காட்டில் வளர்ந்த மெல்லிய தோல். ஒரே மணலளவுக்குள் இரண்டு வயது.