பயஸ்: சார்பா, சாய்வா, முன்னழுத்தமா?

"பயாஸ் எறங்கிப்போய்கீது, அதான் வால்வு செவக்குது."

வேலூரில் எங்கள் தெருவில் மைக்செட் வாடகைக்கு விடும் அண்ணன், ஒரு பழைய வால்வு ஆம்ப்ளிஃபயரைத் திறந்துபோட்டுக்கொண்டு இப்படிச் சொன்னார். (வால்வு என்பது டிரான்சிஸ்டருக்கு முந்திய காலத்துக் கண்ணாடிக் குழல்.) பக்கத்தில் நின்ற கல்லூரித் தம்பிக்கு ஆச்சரியம். "ஆம்ப்ளிஃபயர்லகூட பயாஸ் இருக்காண்ணா?" அவன் மனதில் இருந்தது கணினி கிளம்பும்போது ஓடும் பயாஸ். அது நான்கு ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துக் கோவை. இது வேறு, 'bias' என்ற ஆங்கிலச் சொல். உச்சரிப்பு 'பயஸ்'தான், பட்டறையில் நீண்டுவிட்டது.

இந்தச் சொல்லின் வேர் பிரெஞ்சு மொழியின் 'பியே'. கோணல், குறுக்குச் சாய்வு என்று பொருள். ஜாக்கெட் கழுத்துக்கு நம் தையல்காரர்கள் துணியை மூலைவாட்டில் 'கிராஸ் பீஸ்' வெட்டுகிறார்களே, அந்தச் சாய்வுக்கு ஆங்கிலத் தையல்காரர் சொல்வதும் பயஸ்தான். 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்த இந்தச் சொல் புல்தரையில் பந்து உருட்டும் ஆட்டத்தில் ஒட்டிக்கொண்டது. அந்தப் பந்தை அந்தக் காலத்தில் ஒரு பக்கம் கனமாகச் செய்வார்கள், உருளும்போது வளைந்து போகும். அங்கிருந்து மனிதர்களின் மனச்சாய்வுக்குத் தாவியது. நாம் ஓரவஞ்சனை, பாரபட்சம் என்கிறோமே, அது.

அப்புறம் ரேடியோக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். லீ டி ஃபாரஸ்ட் 1907இல் காப்புரிமை கேட்ட வால்வில், எலக்ட்ரான்களை விடும் கேத்தோடுக்கும் அவற்றை வாங்கும் பிளேட்டுக்கும் நடுவே ஒரு கம்பி வலை இருந்தது. அந்த வலையில் சின்ன அழுத்தம் மாறினாலே பிளேட்டுக்குப் போகும் பெரிய மின்னோட்டம் மாறும். பெருக்கம் என்பதே இதுதான். ஆனால் பாட்டு வருமுன்பே வலையை ஒரு மைனஸ் அழுத்தத்தில் நிறுத்தி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஓட்டம் கட்டுக்கடங்காமல் பாய்ந்து பிளேட் பழுத்துச் சிவந்துவிடும். இந்த நிறுத்தி வைக்கும் அழுத்தம்தான் பயஸ். பிரிட்டனில் பேட்டரி ரேடியோ காலத்தில் இதற்கென்றே 9 வோல்ட் பேட்டரி ஒன்று தனியாக இருந்தது. ஒன்றரை வோல்ட்டுக்கு ஒரு துளை. எந்தத் துளையில் கம்பியைக் குத்துகிறோமோ, அந்த அளவு பயஸ்.

சரி, தமிழில் என்ன சொல்வது? பள்ளிப் பாடநூல் 'சார்பு' என்கிறது: டையோடுக்கு முன்னோக்குச் சார்பு, பின்னோக்குச் சார்பு. தேர்வுக்கு அதைத்தான் எழுத வேண்டும், மறுப்பில்லை. ஆனால் கணக்குப் பாடத்திலும் சார்பு உண்டு, அங்கே பொருள் வேறு. ஐன்ஸ்டைனுக்கும் சார்பியலைக் கொடுத்துவிட்டோம். ஒரே சொல்லின் தலையில் எத்தனை மூட்டை! 'சாய்வு' என்றால் கணக்குக்காரர்களின் கோட்டுச் சாய்வு வந்து நிற்கிறது. பழைய 'கோட்டம்' வளைவையும் குறிக்கும், நடுநிலை தவறுவதையும் குறிக்கும். செங்கோலுக்கு எதிர் கொடுங்கோல் என்பதில் இருப்பதும் அதே வளைவு. மூலப்பொருளுக்கு இதைவிட நெருங்கிய சொல் கிடையாது. ஆனால் ஆம்ப்ளிஃபயரைத் திறந்து "கோட்டம் சரிபார்" என்றால் அண்ணன் சேஸிஸ் நெளிந்திருக்கிறதா என்றுதான் பார்ப்பார்.

என் கட்சி இது: இங்கே எதுவும் கோணலாகவில்லை. தேரை நிலையில் நிறுத்துவதுபோல, வால்வை அதன் இடத்தில் நிறுத்துகிறோம். ஆகவே சொல் மூலத்தைப் பார்க்காமல் வேலையைப் பார்க்கட்டும். ஜெர்மானியர் இந்த அழுத்தத்தை 'ஃபோர்ஷ்பானுங்' என்கிறார்கள். முன்கூட்டிய அழுத்தம் என்று பிரிக்கலாம். நானும் 'முன்னழுத்தம்' என்றே எழுதுகிறேன். பாட்டு இல்லாதபோதும் ஓடும் மின்னோட்டத்துக்கு 'நிலையோட்டம்', வண்டியின் ஐட்லிங் மாதிரி. ஒரு குறை உண்டு. முன்னழுத்தத்துக்கும் மின்னழுத்தத்துக்கும் ஓரெழுத்துதான் வித்தியாசம், அச்சில் வழுக்கும்.

நிலையோட்டம் ஏன் வேண்டும் என்பதைத் தெருக்கூத்து பார்த்தவர்களுக்கு எளிதாகச் சொல்லலாம். பழைய வட ஆற்காட்டில், புரிசைப் பக்கம், வேஷக்காரர் அடியை முடித்து மூச்சு வாங்குமுன் பின்பாட்டுக்காரர் அதைப் பிடித்துக்கொள்வார். இழுத்துத் தள்ளும் ஆம்ப்ளிஃபயரிலும் இரண்டு வால்வுகள் இப்படித்தான் ஒலி அலையைக் கைமாற்றிக்கொள்கின்றன. நிலையோட்டம் போதாமல், ஒன்று விட்டபிறகு மற்றது பிடித்தால் நடுவில் ஒரு பள்ளம் விழும். சத்தம் குறைவாக வைத்துக் கேட்கும்போது கரகரப்பாகத் தெரிவது அதுதான். ரொம்பவும் முந்திக்கொண்டு பிடித்தால் இரண்டும் சூடேறிச் சாகும்.

அண்ணனின் பெட்டியில் இருந்தது இஎல் 34 ஜோடி. ஒரு வால்வின் பிளேட் தாங்குவது 25 வாட். அதில் 70 சதவீதம், அதாவது பதினேழரை வாட்டில் நிறுத்துவது வழக்கம். பிளேட்டில் 400 வோல்ட் இருந்தால் ஏறக்குறைய 44 மில்லிஆம்பியர். கேத்தோடில் 1 ஓம் தடை வைத்திருந்தால் மீட்டரில் 44 மில்லிவோல்ட்டை ஒட்டி வரும், மனக்கணக்கே போதும். அவர் 40இல் வைப்பார். "வேலூர் வெயிலுக்குக் கொஞ்சம் கம்மியா இருக்கட்டும்."

ஆனால் ஸ்க்ரூடிரைவரை எடுத்து, பயஸ் அளவை மாற்றும் குட்டித் திருகான ப்ரீசெட்டைத் திருப்புவது கடைசி வேலை. இதை நான் காசு கொடுத்துக் கற்றேன். முன்பு ஒரு பெட்டியில் வால்வு சிவந்ததும் ப்ரீசெட்டைத் திருகிச் சமாளித்தேன். மறுவாரம் வால்வே போனது. குற்றவாளி முந்தைய வால்விலிருந்து வரும் கப்ளிங் கன்டென்சர். பாட்டை மட்டும் விட்டு, அந்த வால்வின் பிளேட் வோல்ட்டை மறிக்க வேண்டியது அது. பழசாகிக் கசிந்து, வலைக்குப் பிளஸ் வோல்ட்டை விட்டுக்கொண்டிருந்தது. முன்னழுத்தத்தை அது தின்றுவிடும். அண்ணன் தன் பெட்டியில் முதலில் அந்தக் கன்டென்சரை மாற்றி, சீரிஸ் பல்பு போட்டு, அதாவது கரண்டு வரும் வழியில் ஒரு பல்பைக் கோத்து, ஆன் செய்தார். 100 வாட் பல்பு பளிச்சென்று எரிந்து மெல்ல மங்கியது. மங்காமல் எரிந்திருந்தால் உள்ளே எங்கோ ஷார்ட்.

டிரான்சிஸ்டர் பெட்டிகளில் வெயிலின் வில்லத்தனம் இன்னும் அதிகம். ஒரு டிகிரி சூடு ஏறினால் டிரான்சிஸ்டருக்குத் தேவையான முன்னழுத்தம் ஏறத்தாழ 2 மில்லிவோல்ட் இறங்கும். கொடுப்பதைக் குறைக்காவிட்டால் ஓட்டம் ஏறும், ஓட்டம் ஏறினால் சூடு ஏறும். அதனால்தான் பயஸைக் கொடுக்கும் டிரான்சிஸ்டரை, சூட்டை வெளியேற்றும் உலோகத் தட்டான ஹீட்சிங்க்கோடு சேர்த்துத் திருகியிருப்பார்கள். மார்கழி விடியலில் வைத்த அளவை சித்திரை நடுப்பகலில் ஒருமுறை பார்ப்பது நல்லது.

தம்பியின் லேப்டாப்பில் உள்ள மெய்நிகர் ஆம்ப்ளிஃபயரிலும் பயஸ் என்று ஒரு குமிழ் இருக்கிறது. அங்கே எதுவும் சிவக்காது. இப்படியொரு குமிழைச் செய்ய எளிய வழி, ஒலியின் ஒவ்வொரு எண்ணோடும் ஒரு சிறு எண்ணைக் கூட்டி, பிறகு வளைகோட்டுச் சூத்திரத்துக்குள் விடுவது. அலையின் மேல்பக்கமும் கீழ்பக்கமும் வேறுவேறாக நசுங்க, தொனி மாறும். அந்தத் தம்பி குமிழை அங்குமிங்கும் திருப்பி, "ஒரு பக்கம் சாஞ்சி கேக்குதுண்ணா" என்றான். பிரெஞ்சுக்காரன் சொன்ன பொருள் அவன் வாயில் தானாக வந்துவிட்டது!

எல்லாம் முடிந்ததும் அண்ணன் வலையின் வோல்ட்டைக் குறித்துவைக்க ஒட்டுத்தாளும் மார்க்கரும் எடுத்தார். "பயாஸ்னு வேணாம்ணா, முன்னழுத்தம்னு எழுதுங்க" என்றேன். எழுதி, ப்ரீசெட் பக்கத்தில் ஒட்டினார்.

'மின்னழுத்தம் மைனஸ் 36.'