காதில் விழும் பாடம் மனதில் நிற்பது எப்படி?

ஒரு மணி நேர விரிவுரையை அப்படியே பதிவு செய்து இணையத்தில் ஏற்றிவிட்டால் பாட்காஸ்ட் தயார் என்ற எண்ணம் பல பல்கலைக்கழகங்களில் இருக்கிறது. கோப்பு என்ற அளவில் அது பாட்காஸ்ட்தான். பாடம் என்ற அளவில் பெரும்பாலும் வீண். "இந்தக் கோடு இங்கே வளைவதைப் பாருங்கள்" என்று ஆசிரியர் சொல்லும்போது கேட்பவரிடம் கோடும் இல்லை, "இங்கே"யும் இல்லை. பின்வரிசை மாணவர் கேட்ட கேள்வி மைக்கில் விழாது. அதற்கு ஆசிரியர் சொன்ன பதில் மட்டும் விழும். வகுப்புக்கு வர முடியாதவருக்கு இப்படியொரு பதிவு ஓரளவு உதவும். ஆனால் கற்பித்தலுக்குத் துணையாக நிற்கும் பாட்காஸ்ட் வேறு விதமாகச் செய்யப்படுகிறது. அதன் ஒவ்வொரு விதியும் ஒலியின் ஒரே ஒரு இயல்பிலிருந்து பிறக்கிறது: ஒலி நிற்காது, கடந்துபோய்விடும்.

புத்தகத்தில் ஒரு வரி புரியவில்லை என்றால் கண் தானாகவே பின்னால் போய்விட்டு வரும். அப்படிப் போவது வாசகருக்கே தெரியாது. காதுக்கு அந்த வசதி இல்லை. முந்தைய வாக்கியத்தை நினைவில் தாங்கிக்கொண்டேதான் அடுத்ததைக் கேட்க வேண்டும். மனம் ஒரே நேரத்தில் தாங்கக்கூடிய அலகுகள் ஏறத்தாழ நான்குதான் என்று உளவியலாளர் நெல்சன் கோவன் 2001-இல் கணித்தார். ஐந்தாவது வரும்போது ஏதோ ஒன்று நழுவும். கல்வி உளவியலாளர்கள் வேன் லீஹியும் ஜான் ஸ்வெல்லரும் 2011-இல் வெளியிட்ட சோதனைகள் இதைத் துல்லியமாகக் காட்டின. படத்துக்கான விளக்கம் சுருக்கமாக இருந்தபோது அதைக் காதால் கேட்டவர்கள் நன்றாகக் கற்றார்கள். விளக்கம் நீண்டு சிக்கலானதும் வாசித்தவர்கள் முந்தினார்கள். ஒலிப்பாடம் நல்லதா, கெட்டதா என்ற கேள்விக்கே பொருளில்லை என்று ஆகிறது. எவ்வளவு நீளத்தில், எதைச் சொல்ல என்பதில்தான் விஷயம்.

சமன்பாட்டு வருவிப்பு, மூலக்கூறு அமைப்பு, நிரல், எண்கள் நிறைந்த அட்டவணை ஆகியவை காதுக்கு ஆகாதவை. ஒரு கோட்பாடு ஏன் தேவைப்பட்டது, எந்த இடத்தில் மாணவர்கள் வழக்கமாகக் குழம்புகிறார்கள், இரண்டு தரப்புகள் எதில் முரண்படுகின்றன, ஒப்படைப்பில் எதிர்பார்க்கப்படுவது என்ன: இவையெல்லாம் எழுத்தைவிடக் குரலில் நன்றாக இறங்கும். வாரப் பாடத்தில் பெரும்பாலோர் தடுக்கிவிழும் ஓர் இடத்தை மட்டும் எடுத்துக்கொண்டு பேசும் எட்டு நிமிட எபிசோடு, அந்த வாரம் முழுவதையும் சுருக்கிச் சொல்லும் அரை மணி நேரத்தைவிடப் பயன்படும். மாணவரின் கட்டுரைக்கு ஆசிரியர் பேசித் தரும் பின்னூட்டமும் இந்த வகையைச் சேர்ந்ததே. ஓரத்தில் சிவப்பு மையில் எழுதிய "தெளிவில்லை" என்ற சொல் கடிந்துகொள்வதாகத் தோன்றலாம்; அதையே குரலில் சொன்னால் எங்கே, ஏன் என்பதும் சேர்ந்து வந்துவிடும்.

நீளத்தைப் பற்றி ஒரு குறிப்பு. போர்ச்சுகலின் மின்யோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கல்விப் பாட்காஸ்ட்களை வகைப்படுத்தியபோது 1 முதல் 5 நிமிடம் குறுகியது, 6 முதல் 15 நடுத்தரம், அதற்கு மேல் நீளமானது என்று பிரித்தார்கள். நடைமுறைக்கு இது போதுமான அளவுகோல். "6 நிமிடத்துக்கு மேல் யாரும் கேட்க மாட்டார்கள்" என்று அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் கணக்கு வேறு. அது 2014-இல் எட்எக்ஸ் என்ற இணையவழிப் பாடத் தளத்தில் 69 லட்சம் காணொளிப் பார்வை அமர்வுகளை ஆராய்ந்ததில் கிடைத்தது. திரை முன்னால் உட்கார்ந்து பார்ப்பவரின் பழக்கத்தை, நடந்துகொண்டே கேட்பவரின் தலையில் கட்டக் கூடாது.

கண்ணுக்கு எழுதியதைக் காதுக்கு மாற்றுதல்

புள்ளியியலில் வரும் பி-மதிப்பை எடுத்துக்கொள்வோம். பாடநூல் நடையில் அது இப்படி இருக்கும்: "வெற்றுக் கருதுகோள் உண்மை என்ற அனுமானத்தின் கீழ், கண்டறியப்பட்ட அளவிலோ அதனினும் தீவிரமாகவோ ஒரு முடிவு கிடைப்பதற்கான நிகழ்தகவே பி-மதிப்பு." அச்சில் குறை சொல்ல ஒன்றுமில்லை. காதில் விழும்போது சிக்கல். தமிழில் அடைமொழிகளும் நிபந்தனைகளும் முன்னால் வரிசைகட்டி நிற்கும். எதைப் பற்றிய பேச்சு என்பது கடைசிச் சொல்லில்தான் தெரியும். அதுவரை எல்லாவற்றையும் கேட்பவர் சுமக்க வேண்டும்.

அதையே இப்படிச் சொல்லிப் பார்க்கலாம்: "இந்த மருந்துக்கு ஒரு பலனும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். அப்படி இருந்தும் தற்செயலாகவே இவ்வளவு பலன் தெரிய எவ்வளவு வாய்ப்பு? அந்த வாய்ப்புக்குத்தான் பி-மதிப்பு என்று பெயர். 0.03 என்றால், பலனே இல்லாத மருந்தை நூறு முறை சோதித்தால் ஏறத்தாழ மூன்று முறை இவ்வளவோ இதைவிட அதிகமாகவோ பலன் தெரியும். மருந்து பலனற்றதாக இருக்க மூன்று சதவீத வாய்ப்பு என்று இதற்குப் பொருள் இல்லை. இந்த இடத்தில்தான் எல்லோரும் சறுக்குகிறார்கள்." வாக்கியங்கள் கூடின, ஒவ்வொன்றிலும் புதிதாக வரும் செய்தி ஒன்றே ஒன்று. முதலில் நிலைமை, பிறகு கேள்வி, பிறகுதான் பெயர். கலைச்சொல்லை முன்னால் வைத்துவிட்டுப் பிறகு விளக்குவது அச்சு வழக்கம். காதுக்கு அந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும். புதிய சொற்களின் எழுத்துக்கூட்டலை எபிசோடுக் குறிப்பில் போட்டுவிடுவது அவசியம். கேட்ட சொல்லைத் தேடிப் பார்க்கத் தெரியாமல் திணறும் மாணவர்கள் அதிகம்.

பேச்சுவேகத்துக்கு "நிமிடத்துக்கு 150 சொற்கள்" என்ற ஆங்கிலக் கணக்கு தமிழுக்குப் பொருந்தாது. வேற்றுமை உருபும் விகுதியும் ஒட்டிக்கொண்டு நம் சொற்கள் நீளும். நிமிடத்துக்கு எண்ணிக்கை குறையும். எழுதிய ஒரு பக்கத்தை உரக்கப் படித்து நேரம் பார்ப்பதே நம்பகமான வழி. முழுதாக எழுதிப் படித்தால் படிப்பது போலவே கேட்கும் என்று அஞ்சுபவர்கள் தலைப்புக் குறிப்புகளோடு பேசலாம். ஆனால் வரையறைகளை மட்டும் முழுதாக எழுதிக்கொள்ள வேண்டும், ஏனென்றால் வாய்ப்பேச்சில் முதலில் பிசகுவது அவைதான்.

இனி, கேட்பவரை வேலை வாங்குவது. உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கும் 2006-இல் செய்த சோதனையில், ஒரு பத்தியை இருமுறை படித்த மாணவர்கள் ஐந்து நிமிடம் கழித்து 81 சதவீதத்தை நினைவுகூர்ந்தார்கள். ஒருமுறை படித்துவிட்டுப் பார்க்காமல் எழுதிப் பார்த்தவர்கள் 75 சதவீதம். ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ்: முன்னவர்கள் 42, பின்னவர்கள் 56. இரண்டாம் முறை கேட்பதைவிட நினைவிலிருந்து எடுத்துப் பார்ப்பது நின்று பலன் தரும் என்பதால், எபிசோடின் நடுவே இரண்டு இடங்களில் கேள்வி கேட்டு நிறுத்தலாம். இங்கே ஒரு பொறி இருக்கிறது. கேள்விக்குப் பின் ஏழெட்டு விநாடி மௌனம் விட்டால், மௌனத்தைச் சுருக்கும் வசதி உள்ள செயலிகள் அதை விழுங்கிவிடும். பதில் உடனே வந்து விழும். "இங்கே நிறுத்திவிட்டு யோசியுங்கள்" என்று வாயால் சொல்வதோ, இடைவெளியில் மெல்லிய இசையை ஓடவிடுவதோ பாதுகாப்பு.

குறிப்பெடுக்கச் சொல்வதும் வீண்போகாது. 2009-இல் மெக்கின்னியும் சகாக்களும் வெளியிட்ட ஒரு சிறிய ஆய்வில், அச்சிட்ட ஸ்லைடுகளோடு பாட்காஸ்ட் கேட்ட மாணவர்கள் நேரடி விரிவுரைக்கு வந்தவர்களைவிடத் தேர்வில் அதிக மதிப்பெண் பெற்றார்கள். தலைப்புச் செய்தியாக ஓடியது இந்தப் பாதிதான். கேட்டுக்கொண்டே குறிப்பெடுத்தவர்களுக்கு மட்டுமே அந்த ஆதாயம் கிடைத்தது என்பது மறு பாதி.

பதிவு: அறைதான் முதல் கருவி

விலையுயர்ந்த மைக் வாங்கிக் காலி வகுப்பறையில் வைத்துப் பேசுவது வழக்கமான தவறு. ஒலிப்பதிவைக் கெடுப்பவை இரண்டு: இரைச்சல், எதிர்முழக்கம். மின்விசிறி, குளிர்சாதனம் போன்றவற்றின் இரைச்சல் மாறாமல் ஒரே மாதிரி இருப்பதால் மென்பொருளால் அதை அடையாளம் கண்டு குறைக்க முடியும். எதிர்முழக்கம் அப்படி அல்ல. சுவரில் பட்டுத் திரும்புவது பேசுபவரின் குரலேதான். மூலக் குரலிலிருந்து அதைப் பிரிப்பது மிகக் கடினம். ஆகவே வெறும் சுவரும் கண்ணாடியும் உள்ள பெரிய அறையைத் தவிர்த்து, திரைச்சீலை, புத்தக அலமாரி, மெத்தை இருக்கை உள்ள சிறிய அறையில் பேச வேண்டும். கை தட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்: ஒலி உடனே அடங்கினால் நல்ல அறை, "ணங்" என்று இழுத்தால் வேறு அறை தேட வேண்டும்.

வாய்க்கும் மைக்குக்கும் இடைவெளி 10 முதல் 15 செ.மீ. இந்த இடைவெளி இரட்டிப்பானால் நேரடிக் குரல் 6 டெசிபல் குறையும். அறையின் எதிர்முழக்கமோ ஏறத்தாழ அப்படியே இருக்கும். கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போல் கேட்கும் பதிவுகளுக்குக் காரணம் இதுதான். ரொம்ப நெருங்கினாலும் தொல்லை: ஒருதிசை மைக்குகள் அடிக்குரலை ஊதிப் பெருக்கும், "ப" வரும்போது காற்று மோதும். மைக்கை வாய்க்கு நேராக வைக்காமல் பக்கவாட்டில் சாய்த்து வைத்தால் காற்று விலகிப் போய்விடும்.

பதிவு அமைப்பு: மோனோ (ஒற்றைத் தடம்), 44.1 கிலோஹெர்ட்ஸ், முடிந்தால் 24 பிட். உரக்கப் பேசும் இடத்திலும் அளவுகாட்டி மைனஸ் 12 டெசிபலை ஒட்டி நிற்கட்டும். சுழியத்தைத் தொட்டால் அலையின் உச்சி வெட்டுப்பட்டுவிடும். அதை முழுமையாகச் சரிசெய்ய முடியாது. குறைவாகப் பதிவானதைப் பிறகு உயர்த்திக்கொள்ளலாம். பேசத் தொடங்கும் முன் பத்து விநாடி சும்மா பதிவு செய்ய வேண்டும். ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளில் இரைச்சலின் மாதிரியாக அந்தத் துண்டுதான் பயன்படும், வெட்டிய இடங்களை ஒட்டுப்போடவும் அதுவே உதவும். பேச்சில் தவறினால் பதிவை நிறுத்தத் தேவையில்லை. ஒருமுறை கை தட்டிவிட்டு அந்த வாக்கியத்தை முதலிலிருந்து சொன்னால் போதும். திரையில் அலைவடிவத்தில் ஒரு கூர்மையான கோடு நிற்கும். திருத்தும்போது தேட வேண்டியிருக்காது.

திருத்தும்போது வரிசை முக்கியம். முதலில் இரைச்சல் குறைப்பு, அதையும் மிதமாக. அளவு மீறினால் குரல் தண்ணீருக்கடியில் கேட்பது போல் ஆகிவிடும். பிறகு 80 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள உறுமலை நீக்குதல், கடைசியில் உரப்பைச் சமன்செய்தல். பாட்காஸ்ட்களில் ஸ்டீரியோவுக்கு மைனஸ் 16 எல்யூஎஃப்எஸ் (உரப்பை அளக்கும் அலகு), மோனோவுக்கு மைனஸ் 19 என்பது பரவலான வழக்கம். எல்லா எபிசோடும் ஒரே உரப்பில் இருப்பது இதைவிட முக்கியம்.

வெளியீடு

பேச்சுக்கு 64 கேபிபிஎஸ் (விநாடிக்கு 64 கிலோபிட்) மோனோ எம்பி3 தாராளம். நிமிடத்துக்கு 0.48 மெகாபைட், பத்து நிமிட எபிசோடு 4.8 மெகாபைட். 128 கேபிபிஎஸ் வைத்தால் கோப்பு இரட்டிப்பாகும். கேட்பவருக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. பிட் வீதம் மாறாத வகையையே தேர்ந்தெடுக்க வேண்டும். மாறும் வீதத்தில் சேமித்தால் சில செயலிகளில் நேரம் தவறாகக் காட்டும், ஒரு நிமிடம் பின்னால் போகச் சொன்னால் வேறெங்கோ போய் நிற்கும். பாடத்தைத் திருப்பிக் கேட்பவருக்கு இது பெரிய எரிச்சல்.

பாட்காஸ்டைச் சாதாரண ஒலிக்கோப்பிலிருந்து வேறுபடுத்துவது ஃபீட், அதாவது எபிசோடுகளின் பட்டியலைச் செயலிகள் படிக்கும்படி இணையத்தில் வைக்கும் கோப்பு. மென்பொருளாளர் டேவ் வைனர் 2000-இன் இறுதியில் ஆர்எஸ்எஸ் என்ற ஃபீட் வடிவத்தில் இணைப்புக் கோப்புக்கான ஒரு குறியைச் சேர்த்தார். கோப்பின் முகவரி, பைட் அளவு, வகை மூன்றும் அதில் இருக்கும். மாணவரின் செயலி அந்த ஃபீடை அவ்வப்போது எட்டிப் பார்த்து, புதிய எபிசோடு வந்திருந்தால் தானே இறக்கிக்கொள்ளும். மூடுல் போன்ற கற்றல் தளத்துக்குள் உள்நுழைவுக்குப் பின்னால் கோப்பை வைத்தால் இந்த வசதி போய்விடும். மாணவர் தேடி வர வேண்டும். உரிமைச் சிக்கல் இல்லாத பாடமென்றால் திறந்த ஃபீடே மேல்.

எபிசோடில் தவறு கண்டால் சத்தமில்லாமல் கோப்பை மாற்றிவிடுவது பயன்படாது. ஃபீடில் அந்த எபிசோடுக்குத் தந்த அடையாள எண் அதேதான் என்பதால், ஏற்கெனவே இறக்கியவர்களின் செயலி மறுபடி இறக்காது. பழைய தவறு அவர்கள் கைபேசியிலேயே இருக்கும். எண்ணை மாற்றினால் எல்லோருக்கும் புதிய எபிசோடாகப் போகும். எனவே சின்ன உளறலுக்குக் கோப்பை மட்டும் மாற்றலாம்; கருத்துப் பிழைக்கு "திருத்தப்பட்டது" என்று தலைப்பில் போட்டு, புதிய எண்ணுடன் வெளியிட வேண்டும்.

எழுத்து வடிவத்தை விட்டுவிடக் கூடாது. ஒலி மட்டும் உள்ள பதிவுக்கு மாற்று வடிவம் தருவது, டபிள்யூசிஏஜி எனப்படும் இணைய அணுகல் வழிகாட்டுதலில் அடிப்படை நிலையிலேயே இருக்கும் கட்டாயம். காது கேளாதவருக்கு அது பாடமேதான். மற்றவர்களுக்குத் தேர்வு நேரத்தில் தேடிப் பார்க்கும் கருவி. தானியங்கி எழுத்தாக்கம் கலைச்சொற்களில்தான் அதிகம் தவறும். மாணவருக்கு மிகவும் தேவையான சொற்களும் அவையே, ஆகவே ஒருமுறை கையால் திருத்தியாக வேண்டும்.

இரட்டை வேகத்தில் கேட்கிறார்களே என்று கவலைப்படும் ஆசிரியர்கள் உண்டு. 2021-இல் வெளியான ஓர் ஆய்வில் காணொளி விரிவுரைகளை இரண்டு மடங்கு வேகம் வரை பார்த்தவர்களின் புரிதல் பெரிதாகக் குறையவில்லை; இரண்டரை மடங்கில் குறைந்தது. அங்கே பாடம் ரோமப் பேரரசும் சொத்து மதிப்பீடும். சொல்லுக்குச் சொல் யோசிக்க வேண்டிய பாடத்துக்கோ, இரண்டாம் மொழியில் கேட்பவருக்கோ அதே சலுகை இருக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

பதிவிறக்க எண்ணிக்கை கேட்டவர்களின் எண்ணிக்கை அல்ல. செயலி தானாக இறக்கியதும் அதில் சேரும். விளம்பரத் துறை வகுத்த அளவீட்டு விதியிலேயே, ஒரு நிமிட ஒலிக்கான தரவு போய்ச் சேர்ந்தால் அது ஒரு பதிவிறக்கம். வகுப்பின் முதல் ஐந்து நிமிடத்தில் எபிசோடை ஒட்டிய ஒரு கேள்வி கேட்டுப் பார்ப்பது இதைவிட நல்ல அளவுகோல். மதிப்பெண்ணும் வேண்டாம், வகுப்பு அந்த எபிசோடிலிருந்து தொடங்கினாலே கேட்டுவிட்டு வருவார்கள். எபிசோடில் சொன்னதையே வகுப்பில் மறுபடி முழுதாகச் சொன்னால் மூன்றாவது வாரத்தில் யாரும் கேட்க மாட்டார்கள்.

முதல் சில எபிசோடுகளுக்கு, எழுதவும் பதியவும் திருத்தவுமாக, ஒவ்வொன்றுக்கும் அரைநாளாவது ஒதுக்க வேண்டியிருக்கும். அந்த உழைப்பு அடுத்த ஆண்டுக்கும் உதவ வேண்டுமென்றால் "போன வாரம் பார்த்தோமே", "112-ஆம் பக்கத்தில்", "வெள்ளிக்கிழமைக்குள் ஒப்படையுங்கள்" என்பதெல்லாம் ஒலியில் வரக் கூடாது. தேதி, பக்க எண், ஒப்படைப்பு விவரம் எல்லாம் எபிசோடுக் குறிப்பில் எழுத்தாக இருக்கட்டும். அடுத்த பருவத்தில் அவற்றை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.