நுரை சோலா, ரப்பர் சோலா?

பாலக்கோட்டிலிருந்து கல்லூரி மாணவர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “ஒரே விலையில் இரண்டு ஷூ. ஒன்று கேன்வாஸ், தட்டையான ரப்பர் சோல். மற்றது தடித்த நுரை சோல், பஞ்சு போல இருக்கிறது. எதை வாங்கலாம்?”

ரப்பர் கதை பள்ளியில் படித்ததுதான். கந்தகம் சேர்த்துச் சூடேற்றினால் ரப்பரின் நீண்ட மூலக்கூறுகளுக்கு இடையே பாலங்கள் விழுந்து, அவை நழுவாமல் நிற்கும். 1839-இல் சார்லஸ் குட்இயர் கண்டறிந்தது. கேன்வாஸ் ஷூவை அப்படியே முழுதாக அடுப்பில் வேகவைத்து எடுப்பார்கள்.

எனக்குப் பிடித்தது நுரைதான். பெரும்பாலும் அது எத்திலீன் வினைல் அசிடேட், கடைக்காரர்கள் ஈ.வி.ஏ. என்பார்கள். அதில் கலந்த வேதிப்பொருள் சூட்டில் சிதைந்து வாயுவை விட, இட்லி மாவு போல உப்பிவிடும். ஆனால் இட்லியின் துளைகள் ஒன்றோடொன்று திறந்திருப்பதால் சாம்பாரைக் குடிக்கிறது. ஈ.வி.ஏ. குமிழ்களோ ஒவ்வொன்றும் கதவடைத்த அறை. ஒகேனக்கல்லில் காலிலிருந்து நழுவிய செருப்பு மூழ்காமல் மிதந்து போவது அதனால்தான்.

காலை ஊன்றியதும் முதலில் குமிழ்ச்சுவர்கள் விறைப்பாகத் தாங்கும். எடை ஏறியதும் சுவர்கள் மடங்கத் தொடங்கும். அதன்பின் சிறிது எடை கூடினாலே நுரை நிறைய அமுங்கும். பஞ்சு போலத் தெரிவது இந்தக் கட்டம்தான். அடி சட்டென்று விழாமல் சற்று நீண்ட நேரத்தில் பரவுகிறது. எல்லாக் குமிழும் நசுங்கினால் மறுபடி கெட்டி. காலை எடுத்ததும் உள்ளே அடைபட்ட காற்றும் சுவர்களும் சேர்ந்து நுரையை நிமிர்த்தும்.

மடங்கி மடங்கிச் சுவர்கள் களைத்துப்போகும். என் பழைய ஷூவின் குதிகால் ஓரத்தில் படுக்கைவாட்டில் மெல்லிய சுருக்கங்கள். மேலே ஒரு தையல்கூடப் பிரியவில்லை, உள்ளே நுரை செத்துவிட்டது. போதாக்குறைக்கு, மே மாத வெயிலில் காரின் பின்கண்ணாடி அருகே வைத்தேன். ஈ.வி.ஏ. சூட்டில் சுருங்கும், கால் நுழையவில்லை.

கிருஷ்ணகிரியில் ஒரு கடையில், கூடுதல் பணம் கொடுத்தால் ரத்த ஓட்டத்துக்கு ஷூவுக்குள் காந்த அட்டை வைத்துத் தருவதாகச் சொன்னார்கள். குதிகால் வலிக்குக் காந்த அட்டையும் காந்தமில்லாத அட்டையும் ஒன்றுதான் என்று 2003-இலேயே அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவமனை சோதித்துச் சொல்லிவிட்டது. தாயத்தைக் காலில் கட்டுவானேன்?

நாள் முழுக்க சிமெண்ட் தரையில் நடப்பவர் என்றால் நுரையே வாங்குங்கள், தம்பி. ஆனால் ஷூவைக் கவிழ்த்துப் பாருங்கள்: தரையைத் தொடும் இடத்தில் மெல்லிய ரப்பர் ஒட்டியிருக்க வேண்டும். வெறும் நுரை சீக்கிரம் தேயும். கிருஷ்ணகிரிக் கோட்டைப் பாறையில் மழை நாளில் ஏறினால் வழுக்கும்.